அப்பா வந்துட்டாராடி?

தியானத்தைப் பற்றிப் படித்த நேரத்தில் பாதியாவது உட்கார்ந்திருந்தால், எனக்கு ஏதாவது கைகூடியிருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது தேய்ப்பதற்காகவே தேய்க்க வேண்டும் என்று வியட்நாம் துறவி திக் நாட் ஹான் எழுதியதைப் படித்து உருகிப்போனவள் நான். அதே வாரம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அப்பா வந்துட்டாராடி?" என்று அம்மா பதினைந்தாவது முறையாகக் கேட்டாள். "அவர் போய் ஆறு வருஷமாச்சும்மா!" என்று கத்திவிட்டேன். அம்மாவுக்கு மறதி நோய். அவளைப் பொறுத்தவரை அப்பா அந்த நிமிஷம்தான் இறந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கையை வரவழைத்துவிட்டு, சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்தில் 10 நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போனேன். கட்டணம் கிடையாது. போன் கூடாது, பேச்சு கூடாது. அதெல்லாம் தெரிந்துதான் போனேன். புத்தகமும் கூடாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. பத்து மூச்சு சேர்ந்தாற்போல் பார்க்க முடியவில்லை. மனசு மளிகைக் கணக்குப் போட்டது. நாலாம் நாளிலிருந்து, உச்சந்தலை முதல் கால் வரை உடம்பில் எழுவதைப் பார்க்கச் சொன்னார்கள். தினம் மூன்று வேளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அதற்கு அதிட்டானம் என்று பெயர். என் முழங்காலைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்! விரட்டாதே, பார் என்பதுதான் ஒலிப்பதிவில் வரும் கோயங்காவின் போதனை. அவரே பர்மாவில் ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி இதற்குள் வந்தவர்தான்.

ஆறாம் நாள், வலிக்கு நடுவே அம்மாவின் முகம் வந்தது. காது மடல் சுட்டது, தாடை இறுகியது. கத்துவதற்கு முன்னால் எனக்கு வருவது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் என் காது மடலைப் பற்றி இல்லை.

வீடு திரும்பி எட்டு மாதமாகிறது. காலை, மாலை ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். காலையில் அரை மணிதான் முடிகிறது. கத்துவதும் நிற்கவில்லை. போன வாரம்கூடக் கத்தினேன். சில சமயம் மட்டும், காது சுடும்போதே தெரிந்துவிடுகிறது.

நேற்று ராத்திரி தெரிந்தது. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவுக்கு என்னம்மா பண்ணா பிடிக்கும்?"

"வத்தக்குழம்பு" என்றாள் அம்மா. "அப்பளத்தைச் சுட்டு வை. பொரிச்சா அவர் தொடமாட்டார்."