துளியில் அடங்கிய எரிபொருள்

குன்னூரின் வைகறைக் குளிர் கடுமையானது. கல்விச் சுற்றுலாவில் மாணவர்களோடு தங்கியிருந்த நாம், தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தோம்; விரல்கள் விறைத்தன. கையில் ஏந்திய அந்த நீர் நம் பழைய பிழையொன்றை நம்முன் நிறுத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் அறிவியல் புனைகதையொன்றை எழுதித் தந்தார். அதில் வரும் விண்கலம், ஹைட்ரஜன் எரிபொருளுக்காகப் பெரும் பனிக்கட்டி ஒன்றைச் சுமந்து செல்லும். "பனிக்கட்டி எரியுமா?" என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தோம். அதன்பின் அவர் நம்மிடம் கதை எதுவும் காட்டவில்லை.

முதல்நாள் மாலை உதகையை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்திற்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைக் கண்டோம். அண்டத்தில் மிகுதியாயுள்ள தனிமம் ஹைட்ரஜனே என்றார் உடன்வந்த இயற்பியல் பேராசிரியர். "அத்துணை மிகுதியானதைக் கலத்தில் நிரப்புவது எளிதுதானே?" என்றோம். அவர் நகைத்தார்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் வாயு, அழுத்தாமல் விட்டால், ஏறத்தாழ 11,000 லிட்டர் இடம் கேட்குமாம். மைனஸ் 253 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் 14 லிட்டரில் அடங்கிவிடும். நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதுவே உணவு. 2010 ஏப்ரலில் தோற்ற அம்முயற்சி, 2014 சனவரி 5 அன்று வென்றது. எனினும் சிறிது வெப்பம் புகுந்தாலும் திரவம் ஆவியாகும். ஆண்டுக்கணக்கில் செல்லும் கலத்திற்கு இது பெருந்தொல்லை.

அடுத்து அவர் கூறியதே நம்மைத் தைத்தது. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை 71 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜனோ 111 கிராம்! பனிக்கட்டியிலும் 100 கிராமுக்குக் குறையாது. நீர் தானே எரியாது. மின்சாரத்தால் பிரித்தால் ஹைட்ரஜனும், அதை எரிக்கும் ஆக்சிஜனும் கிட்டும். பிரிப்பதற்கான ஆற்றலைச் சூரிய ஒளியிலிருந்தோ அணு உலையிலிருந்தோ பெறவேண்டும். எரியும்போது திரும்பக் கிடைப்பதைவிட அது கூடுதலாகவே செலவாகும். ஆயினும் உறைந்த நீர் எளிதில் கசியாது, பயணிக்குக் குடிநீருமாகும்.

அப்படியானால் அம்மாணவரின் பனிக்கட்டி நகைப்புக்குரியதன்று. சிறந்ததோர் எரிபொருட் கலன். எரியுமா என்று கேட்ட நாம், எப்படி எரியும் என்று கேட்டிருக்க வேண்டும். முன்னது வாயை அடைத்தது. பின்னது கதையை வளர்த்திருக்கும்.

ஊர் திரும்பியதும் அவருக்கு மடல் எழுதினோம். மறுமொழி வரவில்லை. இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், அக்கதையை மீண்டும் அனுப்புவாராக. இம்முறை சிவப்பு மை இராது.