மாமா... நான்... இருநூறு முள்ளு!

முதல்லயே ஒரு உண்மையை உடைச்சிடுறேன். இந்தப் பக்கத்துல என் பேர் வந்தா எங்க தெருவுல முதல் ஆளா வாங்கிப் படிக்கிறது எங்க அம்மாதான். படிச்சு முடிச்சதும் எனக்குப் பூசை நிச்சயம். அதனால இதை ஒரு கட்டுரைன்னு நினைக்காம, பப்ளிக்கா கொடுக்கற வாக்குமூலம்னு நினைச்சுக்கோங்க.

நான் கொருக்குப்பேட்டை பையன். ரயில்வே கேட்டுல நின்னு நின்னே வளர்ந்தவன். கூட்ஸ் வண்டி எத்தனை பெட்டின்னு எண்ணித்தான் கணக்கே கத்துக்கிட்டேன்னு எங்கப்பா கிண்டல் பண்ணுவார். இப்போ இன்ஜினீயரிங், மெக்கானிக்கல். எங்க ஏரியாவை ஒட்டி ஒரு கறுப்புத் தண்ணி ஓடுதே, பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தாத ஆள் கிடையாது. அந்தத் தண்ணிக்கு ஒரு சரித்திரம் இருக்கு பாஸ். எண்ணூர் வரைக்கும் 1806-லயே வெட்டி முடிச்ச கால்வாய் அது. அப்புறம் 1877-78 பஞ்ச காலத்துல நிவாரண வேலையா மெட்ராஸுக்குள்ள நீட்டி, அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரை வெச்சாங்க. உப்பும் விறகும் ஏத்திக்கிட்டுப் படகு போன வழி. இப்ப என்னென்ன போகுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அந்தக் கால்வாய் வடக்கே போய் எண்ணூர் கழிமுகத்துல, கொசஸ்தலை ஆத்தோட சேருது. அங்கதான் எங்க அம்மா பொறந்த குப்பம். அங்கதான் என் மாமா.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் காலேஜ் லீவு, மொட்டை மாடி, மெழுகுவத்தி. எங்க மாமாவுக்கு ஞாபகம் இருக்கறது வேற. வெள்ளத் தண்ணியோட மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து, கால்வாய் வழியா ஆத்துல பரவுச்சு. படகு, வலை, அலையாத்திச் செடியோட வேர், எல்லாத்து மேலயும் தார் மாதிரி ஒரு பூச்சு. மக்கள் பக்கெட்டாலயும் மக்காலயும் எண்ணெயை அள்ளினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. பசுமைத் தீர்ப்பாயம் தானாவே கேஸை எடுத்து விசாரிச்சுது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரி பண்ண 10,000 ரூபாய்னு அரசாங்கம் அறிவிச்சுது. மாமாவோட படகு அதுக்கு முன்னாடியே நொந்து போயிருந்துச்சு. வலை சுத்தமா போச்சு. எண்ணெய் ஊறின நைலான் வலையை எத்தனை சோப்பு போட்டாலும் அலச முடியாது. பிடிச்ச மீனையும் சந்தையில "எண்ணூர் மீனா?"ன்னு கேட்டு மோந்து பார்த்துட்டு வெச்சிட்டுப் போனாங்க. மாமா ஒரு குடோன்ல நைட் வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டார். ஆத்தைப் பார்த்த மாதிரி இருந்த வீட்டு ஜன்னலை மூடியே வெச்சிருந்தார். அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்ல எங்க யாருக்கும் தைரியம் வரல.

ஒன்றரை வருஷம் கழிச்சு, செமஸ்டர் லீவுல போயிருந்தப்போ, மாமா என்னைத் தனியா கூப்பிட்டார். "ஒரு போட்டு வருதுடா. பழசு. இன்ஜின் இல்ல. பதினாலாயிரம் சொல்றான்."

எவ்ளோ இருக்கு மாமா?

"ஆறு."

இங்கதான் என் குற்றம் ஆரம்பம். நான் படிச்சது அரசுப் பள்ளி. அதனால 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் என் அக்கவுண்ட்டுக்கு வரும். எட்டு மாசமா தொடாம வெச்சிருந்தேன். லேப்டாப்புக்குச் சேர்க்கறேன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ஆறும் எட்டும் எவ்ளோன்னு கணக்குப் போட இன்ஜினீயரிங் தேவையில்ல!

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் மாமா.

(அம்மா, ஸாரி.)

போட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஷாக். பதினெட்டு அடி ஃபைபர் படகு. 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் போய் இந்த ஃபைபர் படகுங்க கடற்கரை முழுக்க வந்துச்சே, அந்தச் செட். செஞ்சது 2005. அதாவது எனக்கும் அதுக்கும் ஒரே வயசு! ஆனா என்னை விட அதுக்கு ஒட்டு ஜாஸ்தி. அடியில முழ நீளத்துக்கு ஒரு விரிசல்.

"நீதான் இன்ஜினீயராச்சே, ஒட்டு" அப்படின்னுட்டார் மாமா. போன செமஸ்டர்லதான் கம்போசிட் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ரெசின், கண்ணாடி நார், ஹார்டனர்னு பத்து மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதியிருந்தேன். அதே தைரியத்துல மக்குல ரெசினை ஊத்தி, சீக்கிரம் காயட்டுமேன்னு ஹார்டனரை தாராளமா விட்டேன். ரெண்டே நிமிஷம். மக்கு கையைச் சுட்டுது, புகைஞ்சுது, ரெசின் கல்லாகி பிரஷ்ஷும் உள்ளயே மாட்டிக்கிச்சு. நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பங்குக்கு மேல ஹார்டனர் போனா ரியாக்‌ஷன் சூடு தாங்காதுன்னு நானே எழுதின பதில்ல இருக்கு! பக்கத்துல வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு தாத்தா எந்திரிச்சு வந்து, அளவு எதுவும் பார்க்காம, மூடியில சொட்டுச் சொட்டா விட்டு, நாரை விரிச்சு, அரை மணி நேரத்துல ஒட்டிட்டுப் போனார். அவருக்கு அந்தப் பேப்பர்ல அவுட் ஆஃப் அவுட் போடலாம்.

படகு ரெடி. வலை? வலைக்குப் பணம் இல்ல. மறுபடி எண்ணெய் வந்தா மறுபடி வலை போகும்னு மாமாவுக்குள்ள ஒரு பயமும் இருந்துச்சு. அதனால முள்ளு. அதாவது நீளத் தூண்டில்.

குச்சியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற தூண்டில் இல்ல இது. ஒரு நீளமான தாய்க்கயிறு. அதுல அஞ்சடிக்கு ஒண்ணா சின்னச் சின்னக் கிளைக்கயிறு, ஒவ்வொண்ணு நுனியிலயும் ஒரு முள். எங்களுது இருநூறு முள், ஆயிரம் அடி. ரெண்டு பக்கமும் கல்லைக் கட்டி இறக்கிட்டு, மேல அடையாளத்துக்குத் தெர்மாகோல் மிதவை. சாயங்காலம் போட்டா, விடியக்காலை தூக்கணும். தெற்கே ஆயிரங்கால் தூண்டில்னு சொல்வாங்க. அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கம் இதே மாதிரி பழைய படகுல, இதே மாதிரி கயித்துல, இதே கெளுத்தி ஜாதியைத்தான் பிடிக்கிறாங்க. அங்க அதுக்குப் பேர் ட்ராட்லைன். நம்ம ஆளுங்க பேர் வைக்கறதுல கில்லாடி, ஆயிரங்கால்தான் கெத்தா இருக்கு.

கெளுத்தி ஏன்? அது தரையோட மேயற மீன். கண்ணை நம்பாது, மீசையை நம்பும். கலங்கின தண்ணியிலயும், கும்மிருட்டுலயும் இரையோட வாசனையைத் தேடி வந்துடும். எங்க ஆத்துத் தண்ணிக்கு அப்படி ஒரு மீன்தான் சரிப்படும்! (ஆப்பிரிக்கன் கெளுத்தின்னு ஒண்ணு இருக்கு, நம்ம நாட்டுல வளர்க்கத் தடை. அது வேற, இது வேற. சந்தையில ரெண்டையும் குழப்பிக்கிட்டு இந்த நல்ல மீனைத் திட்டாதீங்க.)

முள்ளு மாட்டறது மாமா திண்ணையில நடந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள்ள தாய்க்கயித்தைச் சுத்திச் சுத்தி வைக்கணும். முள்ளை எல்லாம் கூடை விளிம்புல வரிசையா குத்தணும். ஒரு முள் வரிசை தப்பிச்சுன்னா, மொத்தக் கயிறும் சிக்கு. நான் எண்பதாவது முள்ளுல தப்பினேன். சிக்கு எடுக்க ரெண்டு மணி நேரம். மாமா திட்டவே இல்ல. எனக்கு எதிர்ல உட்கார்ந்து அமைதியா எடுத்துக்கிட்டே இருந்தார். ஒன்றரை வருஷமா அவர் முகத்துல நான் பார்க்காத ஒரு நிதானம் அது. அப்பதான் எட்டாயிரம் எங்க போச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது.

சாயங்காலம் நாலரை. இரை, துண்டு போட்ட மத்தி. விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கே, அந்தச் சமயம். பெரிய படகெல்லாம் கரையில. எங்களை மாதிரி சின்னப் படகுக்கு அந்தத் தடை கிடையாது. மாமா துடுப்பு, நான் கயிறு. படகு நகர நகர கூடையில இருந்து கயிறு தானா ஓடும், நான் ஒவ்வொரு முள்ளா எடுத்துத் தண்ணிக்குள்ள விடணும். கிளம்பறதுக்கு முன்னாடி மாமா ஒரு கத்தியை என் முட்டி பக்கத்துல வெச்சார். "முள்ளு கையில ஏறுச்சுன்னா யோசிக்காத. கயித்த அறுத்துரு. மீன் போனா போவுது." எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்புல ரெண்டு காலி கேன் கட்டியிருந்தேன். (அம்மா, இந்த வரியைத் தாண்டிடுங்க.)

தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு நினைக்கறீங்க? மணல்? அதெல்லாம் மாமா சின்னப் பையனா இருந்தப்போ. கழியைக் குத்தினா ஒரு பக்கம் சாம்பல் நிறத்துல வழுவழுன்னு சேறு, அனல் மின் நிலையத்துச் சாம்பல். இன்னொரு பக்கம் கரகரன்னு சத்தம். அது 'காக்கா ஆழி'. தென் அமெரிக்கச் சிப்பி. கப்பலோட வந்திருக்கும்னு சொல்றாங்க. ஆத்துத் தரையை ஜமுக்காளம் மாதிரி மூடிக்கிச்சு. இறால் புதைய இடம் இல்ல. எங்க கயிறு அது மேல உரசினா ரம்பத்துல வெச்ச மாதிரி அறுந்துடும். அதனால பத்து முள்ளுக்கு ஒரு சின்ன மிதவை கட்டி, கயித்தைத் தரையிலேர்ந்து ஒரு முழம் தூக்கி விட்டோம். ஐடியா என்னுது. ஒட்டுப் போட்டதுல போன மானம் கொஞ்சம் திரும்பி வந்துச்சு.

விடியக்காலை நாலரைக்குத் தூக்கப் போனோம். ஒரு பக்கம் துறைமுகத்து லைட்டு, ஒரு பக்கம் புகைக்கூண்டு லைட்டு, நடுவுல நாங்க ரெண்டு பேர். முதல் முப்பது முள்ளும் காலி. நண்டு கடிச்சு இரையை மட்டும் தின்னுட்டுப் போயிருந்துச்சு. மாமா எதுவும் பேசல. நாப்பதாவது முள்ளுல கயிறு கையில துடிச்சுது பாருங்க... அந்தத் துடிப்பு எந்த லேப்லயும் கிடைக்காது!

சந்தோஷத்துல மீனை லபக்குன்னு பிடிச்சேன். முடிஞ்சுது கதை. கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள், ரம்பப் பல், விஷம் வேற. உள்ளங்கையில இறங்குச்சு. தோள் வரைக்கும் கரன்ட் அடிச்ச மாதிரி வலி. கரைக்கு வந்ததும் அத்தை தாங்கற சூட்டுல வெந்நீர்ல கையை முக்க வெச்சாங்க. அரை மணி நேரத்துல குறைஞ்சுது. அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப் போகுமாம். நான் புக்ல தேடித் தெரிஞ்சுக்கிட்டேன், அத்தை தேடாமலே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

ஆனா வலிக்கறப்பவும் மீதிக் கயித்தைத் தூக்கிட்டுத்தான் வந்தோம். மாமா குறடால ஒவ்வொரு மீனோட முள்ளையும் ஒடிச்சு ஒடிச்சுப் போட்டார். கடைசி மீன் வாயில மாட்டல, விலாவுல மாட்டியிருந்துச்சு. கன்னம் ரெண்டும் உப்பியிருந்துச்சு. மாமா டார்ச் அடிச்சுப் பார்த்தார். வாய்க்குள்ள கோலிக் குண்டு மாதிரி மஞ்சளா முட்டை. "அப்பன் மீனுடா" அப்படின்னார். இந்தக் கெளுத்தியில ஆண்தான் முட்டையை வாயில வெச்சுக் காப்பாத்தும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் வாரக்கணக்கா எதுவும் தின்னாது. அதான் இரையைக் கடிக்கல, தாண்டிப் போனப்போ முள் உடம்புல கொக்கி போட்டிருக்கு. மாமா அதோட முள்ளை ஒடிக்கல. தூண்டிலை மெதுவா கழட்டி, தலையைத் தண்ணிக்குள்ள வெச்சுக் கையை விட்டார்.

ஆக, இருநூறு முள்ளுக்கு ஏழு மீன். எஃபிஷியன்சி மூன்றரை சதவீதம். எங்க லேப்ல இந்த ரிசல்ட் வந்தா ரெக்கார்டைத் தூக்கி அடிப்பாங்க. விட்டது போக ஆறு மீன், ரெண்டு நண்டு. அத்தை சந்தைக்கு எடுத்துட்டுப் போனாங்க. நானும் கூடப் போனேன். முதல்ல வந்த அம்மா, மீனை மூக்குகிட்ட கொண்டு போனாங்க. அத்தை வேற எங்கயோ பார்த்த மாதிரி நின்னாங்க. நான் மூச்சு விடல. மோந்துட்டு, "நாலு போடு" அப்படின்னாங்க.

மொத்தம் அறுநூத்தி நாப்பது ரூபாய்.

ரெண்டு பேர், ஒரு ராத்திரி, அறுநூத்தி நாப்பது. எங்கம்மா ஏன் என்னை ஆத்துப் பக்கமே விட மாட்டாங்கன்னு அன்னிக்குக் கணக்கு புரிஞ்சுது. அவங்க பயம் தண்ணி இல்ல. "படகு வந்தாதான் உலை வெப்போம். எத்தனை நாள் வெறும் உலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் தெரியுமா"ம்பாங்க. அவங்க சொல்றது தப்புன்னு நான் வாதாட வரல. மாமாவும் வாட்ச்மேன் வேலையை விடல. வாரத்துல மூணு ராத்திரி குடோன், மூணு ராத்திரி ஆறு. ஜன்னல் மட்டும் இப்போ திறந்திருக்கு.

அன்னிக்கு மாமா ஒரு பழைய டைரியை எடுத்து என் பேரைப் போட்டு, எட்டாயிரம்னு எழுதி, கீழ நூறு கழிச்சார். வேணாம் மாமான்னு எவ்வளவோ சொன்னேன். கேட்கல. அதுலேர்ந்து நான் போற ஒவ்வொரு தடவையும் அந்த டைரி வெளிய வரும்.

அம்மா, பாக்கி இன்னும் 6,200. லேப்டாப் கொஞ்சம் லேட்டாகும். ஞாயித்துக்கிழமை வரும்போது கெளுத்தி கொண்டு வர்றேன், முள்ளை ஒடிச்சே கொண்டு வர்றேன். நீங்க திட்டறதா இருந்தா குழம்பு கொதிச்சதுக்கு அப்புறம் திட்டுங்க, ப்ளீஸ்.