இரண்டாவது ஞானஸ்நானம் தேவையா?

"அண்ணா, எல்லாரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுகினம்? பிறகு ஏன் இத்தனை சேர்ச்?" சிட்னியில் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அது உண்மையான பதில் இல்லை.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பக்கம் யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன். அம்மாவின் பக்கம் அமெரிக்க மிஷன் வழி வந்தவர்கள். நானும் மாமாவின் மகளும் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். மச்சாள் பல்கலைக்கழக நண்பர்களோடு ஒரு பப்டிஸ்ட் சபைக்குப் போகத் தொடங்கினாள். அங்கத்தவராகச் சேருவதற்குத் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மம்மாவுக்கு மனம் நொந்துபோயிற்று. "அப்ப நாங்கள் செய்வித்தது செல்லாதோ?" என்று கேட்டார்.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அங்கிலிக்கன் சபையில் பெற்றோரின் விசுவாசத்தை நம்பிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். வளர்ந்தபின் பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்துவார். மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கின்றன. பப்டிஸ்ட்களுக்கோ, ஒருவர் தானே விசுவாசித்து அதை வாயால் அறிக்கையிட்டபின் பெறுவதுதான் ஞானஸ்நானம். ஆகவே அவர்கள் கணக்கில் அது இரண்டாவது இல்லை, முதலாவது. அவர்களுக்குப் பேராயரும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும்.

என் வேலையில் இரண்டு கணினி அமைப்புகளை ஒன்றாக்கும்போது, பழைய பதிவுகள் செல்லுமா என்பதில்தான் பெரிய இழுபறி வரும். சபைகள் ஒன்றாகும்போதும் அப்படித்தான். 1919இல் தென்னிந்தியச் சபைத் தலைவர்கள் தரங்கம்பாடியில் கூடி ஐக்கியம் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அது நிறைவேற 28 வருடம் எடுத்தது. பேராயர் கைவைக்காமல் அபிஷேகம் பெற்றிருந்த மெதடிஸ்த, கொங்கிரிகேஷனல் போதகர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் வேண்டுமா என்பது ஒரு பெரிய சிக்கல். வேண்டாம், அவர்களை அப்படியே ஏற்போம், இனி வருபவர்களைப் பேராயர்கள் அபிஷேகம் செய்யட்டும் என்று முடிவானது. 1947 செப்டெம்பர் 27இல் சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அம்மம்மாவின் யாழ்ப்பாணச் சபையும் அதில் சேர்ந்தது. அப்பாவின் சபை இலங்கையில் தனியாகவே நின்றது.

அவுஸ்திரேலியாவில் 1977 ஜூன் 22இல் மெதடிஸ்த, கொங்கிரிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரும் இணைந்து யுனைட்டிங் சேர்ச் ஆனார்கள். அங்கிலிக்கனும் பப்டிஸ்டும் அதில் இல்லை. பப்டிஸ்ட்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றால், அவர்கள் தனிச் சபையாக இருப்பதற்கான முக்கிய காரணமே போய்விடும். அதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மச்சாள் மூழ்கித்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். அம்மம்மாவும் போயிருந்தார். அவருடைய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆனால் பேத்தி காரணத்தைப் பொறுமையாகச் சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது.

உங்களையும் நண்பர்கள் வேறு சபைக்கு அழைப்பார்கள். தாராளமாகப் போங்கள். ஞானஸ்நானம் யாருக்கு, தீர்மானம் யாருடையது என்ற இரண்டையும் அங்கே கேட்டறியுங்கள். மாறுவதென்றால் முதலில் வீட்டில் சொல்லுங்கள். குழந்தையாக உங்களைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் செய்ததை வெறும் சடங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.