பீர்க்கங்காய்த் தோல்

மீன் கடைக்காரர் அதை டேங்க் கிளீனர் என்றுதான் விற்றார். "இது ஒண்ணு இருந்தாப் போதும், கண்ணாடிய நீங்க தொடவே வேண்டாமுங்க." பாலிதீன் பைக்குள் விரல் நீளத்துக்குக் கருப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு மீனைவிடத் தண்ணீர்தான் வழக்கு. எங்கள் வீதியில் சிறுவாணிக் குடிதண்ணீர் நாள்விட்டு நாள் வரும். மற்றதற்கெல்லாம் போர் தண்ணி. உப்புத் தண்ணி கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்று அப்பா சிறுவாணியை வாளியில் பிடித்து, குளோரின் வாடை போக ராத்திரி முழுக்க வைத்திருந்து ஊற்றுவார். "குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்தறாருங்கப்பா" என்று அம்மா அப்புச்சியிடம் முறையிடுவாள். அப்புச்சி மீனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்க்க வேண்டிய மீன்தான். கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது அடிப்பக்கம் முழுக்கத் தெரியும். வட்ட உதடு, உள்ளே சீப்பு மாதிரிப் பல்வரிசை, ஓயாமல் சுரண்டிக்கொண்டே. செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஒரு சின்ன மடல் விரிந்து மறைத்துக்கொள்ளும்.

குட்டியாக இருந்தவரை பாசியைத் தின்றது. பீர்க்கங்காய்த் துண்டின் ருசி தெரிந்தபின் கண்ணாடிப் பக்கம் ஏறுவது குறைந்துபோயிற்று. தின்றதெல்லாம் நூல் நூலாகப் பின்னால் தொங்கும். சுத்தம் பண்ண வந்தது போட்ட அசிங்கத்தை அப்பா ட்யூப் வைத்து உறிஞ்சிக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அந்தச் செடி தழைத்ததே தழைத்தது! மீனும்தான். ஒன்றரை அடி வரை வளரும் இனம் என்பதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

தென் அமெரிக்க ஆற்று மீன் என்று பிறகு படித்தேன். அப்புச்சி தோட்டத்துக் கடலைக்காயும் குச்சிக்கிழங்கும்கூட அந்தப் பக்கத்துச் சரக்குதான். எங்கள் ஊர் வாலாங்குளத்தை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையும் அங்கிருந்து வந்ததே. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியாவை ஜிலேபியாக்கி, உக்கடத்தில் பேரம் பேசி வாங்கிக் குழம்பு வைத்துவிட்டோம். இந்த டேங்க் கிளீனரைக் குழம்பு வைக்க ஆளில்லை. வலையில் ஏறினால் முள்ளும் தகடும் வலையைக் கிழிப்பதுதான் மிச்சம்.

தொட்டிக்கு அடங்காமல் போனால் கொல்ல யாருக்கும் மனசு வராது. குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். பிழைத்துக்கொள்ளும், அதுதான் வம்பே. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு வாங்கும். சாக்கடை கலந்த குளமும் அதற்கு ஒன்றுதான். கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும், ஆண் மீன் காவல் இருக்கும். நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியே குளத்துக்குக் குளம் போகிற ஊரில், ஒரு குளத்தில் விட்டது ஒரு குளத்தோடு நிற்குமா?

அப்பா ஒரு நாள் வாளியை வண்டியில் ஏற்றினார். நண்டு வளையால் வரப்பு உடைந்த காலத்தைப் பார்த்தவர் அப்புச்சி. திண்ணையிலிருந்தே, "மாப்பிள்ளை, கொளத்துப் பக்கம் வேண்டாமுங்க" என்றார். வாளி கீழே இறங்கிற்று.

கொல்லையில் துணி துவைக்கிற சிமென்ட் தொட்டிக்கு மீன் குடிபோனது. முழுக்க உப்புத் தண்ணி. அம்மாவின் வழக்கு அதோடு தீர்ந்தது. அப்பாதான் மீன் தாங்குமா என்று கொஞ்ச நாள் வெசனப்பட்டார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டிச் சுவரில் பாசி ஒரு விரல் கனத்துக்கு வழுவழுவென்று ஏறிக் கிடந்தது. அம்மா தினமும் போடுகிற பீர்க்கங்காய்த் தோல் இருக்கும்போது, பாசியை யார் சீண்டுவார்கள்?