நான் நல்லவனா, கெட்டவனா?

கல்கத்தாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் 15 வந்தா எங்க குடியிருப்பில் மாறுவேடப் போட்டி கட்டாயம் உண்டு. முண்டாசும் மீசையும்னா பாரதி, வட்டக் கண்ணாடியும் கைத்தடியும்னா காந்தி. ரெண்டு வரி ஒப்பிச்சு, கைதட்டல் வாங்கி, ஜிலேபி தின்னுட்டுப் போயிடுவாங்க. பார்க்க அழகுதான். ஆனா குழந்தை கத்துக்கிட்டது என்னன்னா, ஒட்டு மீசை அரிக்கும்ங்கிறது மட்டும்தான் :-)

போன வருஷம் நாடகமே போட்டுடலாம்னு பசங்களைச் சேர்த்தேன். தமிழ், பெங்காலி, மார்வாடின்னு பதினோரு பேர். எடுத்துக்கிட்டது தீனபந்து மித்ராவின் 'நீல் தர்பண்'. அவுரி விவசாயிகள் துரைமார்களிடம் பட்ட பாட்டைச் சொல்லும் நாடகம். தபால் இலாகாவில் வேலை பார்த்த மித்ரா, 1860ல் தன் பேர் போடாமலே அதை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அச்சிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861ல் ஒரு மாச ஜெயில், 1000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டினவர் காளிபிரசன்ன சின்ஹா. 1872ல் நேஷனல் தியேட்டர் டிக்கெட் வெச்சு நடத்தின முதல் நாடகமும் இதுதான்.

முழு நாடகமும் குழந்தைகளுக்கு ஆகாது. கொடுமையும் சாவும் ரொம்ப அதிகம். விவசாயிகளைக் கிடங்கில் அடைத்து, பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டும் காட்சியை மட்டும் எடுத்து, எல்லாருக்கும் புரியற மாதிரி எளிய இந்தியில் எழுதினோம்.

"முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே மாமா?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். துரை வெச்சதுதான் விலை. அதிலேயே விதைக்காசு, முத்திரைத்தாள் செலவு, வண்டிக்கூலி எல்லாம் கழியும். மிஞ்சறது கடன்தான், அது அப்பனிடமிருந்து பிள்ளை தலைக்கு வரும். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த ஒத்திகையில் வசனம் அதேதான், குரல் வேற.

துரை வேஷத்துக்கு ஏகப்பட்ட போட்டி, தொப்பியும் சாட்டையும் கிடைக்குமே! (அந்தத் தோல் சாட்டைக்கு 'ஷியாம்சாந்த்'னு ஒரு பேர் வேற.) துரையிடம் சம்பளம் வாங்கற நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை வேஷத்துக்குத்தான் ஆளில்லை. கடைசியில் ஒத்துக்கிட்ட மார்வாடிப் பையன் கேட்டான், "நான் நல்லவனா, கெட்டவனா?"

அன்னிக்கு ராத்திரி அவன் அப்பா போன் பண்ணினார். "சுதந்திர தினத்தன்னிக்கு என் பையனைத் துரோகியாக் காட்டணுமா சார்?" அவர் வருத்தம் நியாயமானது. "ஒரு நாள் ஒத்திகைக்கு வாங்க சார்" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். பசங்க அதே கேள்வியைத்தான் அலசிக்கிட்டிருந்தாங்க.

"அவனுக்கும் சம்பளம் வேணும்ல?"

"அதுக்காகப் பொய்க்கணக்கு எழுதலாமா?"

பொய் சாட்சி சொல்ல மறுக்கும் தோராப்பாக நடிச்ச பையன் சொன்னான், "எனக்கும்தான் வீடு இருக்கு. நான் சொல்லலையே!"

அவர் ஒண்ணும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் பையன் கையில் சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பேரேடு ஒண்ணு இருந்தது. தாத்தா கடையில் எழுதினதாம்.

மேடையில் அந்தப் பையன் நாங்க சொல்லித்தராத ஒண்ணைச் செய்தான். தோராப் மறுத்ததும் பேனாவைக் கீழே வெச்சான். துரை முறைச்சதும் திரும்ப எடுத்தான். வசனமே இல்லை. மொத்தக் கூட்டமும் கப்சிப்.

இதுமாதிரி நாடகங்களுக்குப் பயந்துதானே வெள்ளைக்காரன் 1876ல் நாடகத்துக்குன்னே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டான்! அது நீங்க 2018 வரை ஆச்சு.

அடுத்து நம்ம விஸ்வநாத தாஸ் கதை. தேசபக்திப் பாட்டு பாடினதுக்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்னிக்கு, சென்னையில் முருகன் வேஷத்தோட மேடையிலேயே உயிர்விட்டவர். முருகன் வேஷம் தனக்குத்தான்னு ஒரு பெங்காலிப் பையன் இப்பவே சொல்லி வெச்சிருக்கான். அவரைக் கைது பண்ண வர்ற நம்மூர் போலீஸ்காரர் வேஷத்துக்குத்தான் ஆள் தேடணும்.