ரோவர் சொல்வதும் கல் சொல்வதும்

கொண்டப்பநாயக்கன்பட்டி சேலம் நகரத்தின் வடக்கு விளிம்பில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர். ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கிணற்றுப் பாசனக் காடுகளும். மறுபக்கம் நகரத்திலிருந்து மெல்ல ஏறி வரும் வீட்டுமனைகள். காடும் மனையும் இப்படி உரசிக்கொள்ளும் இடத்தில்தான் நில அளவரின் தொழிலை அதன் முழு நெருக்கடியோடு பார்க்க முடிகிறது. செயற்கைக்கோள் வழியாக இடங்காணும் முறை தரையில் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று அறியவே இந்தப் பக்கத்து அளவை வேலையைப் பார்க்கப் போனேன். பார்த்தபின் என் எண்ணம் இது: அளவரின் கையிலுள்ள ரோவர், 'இப்போது நான் எங்கே நிற்கிறேன்' என்ற கேள்விக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் பதில் சொல்லிவிடுகிறது. எல்லைத் தகராறு கேட்கும் கேள்வியோ வேறு: 'கல் அன்று எங்கே நின்றது?' முதல் கேள்விக்கான பதில் எத்தனை கூர்மையானாலும் இரண்டாவதற்கு அது பதிலாகிவிடாது. அந்த இரண்டாவது பதிலைக் கண்டுபிடிப்பவர்கள் மனிதர்கள். கருவிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்காவது அவர்களுடைய வேலையைப் பதிவு செய்யவும் செலவழிக்க வேண்டும்.

வேலை முக்காலி நிறுத்துவதில் தொடங்குகிறது. திறந்தவெளியில், இருப்பிடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியின் மேல் நிற்கும் சமிக்ஞை ஏற்பிக்குப் 'பேஸ்' என்று பெயர். இரண்டு மீட்டர் கம்பத்தின் உச்சியில் பொருத்தி மூலைக்கு மூலை தூக்கிச் செல்வது 'ரோவர்'. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகார நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு தூரங்கள் கிடைத்தால் ஏற்பியின் இடத்தோடு அதன் சொந்தக் கடிகாரப் பிழையும் தெரிந்துவிடும். ஆனால் நேரத்தில் ஒரு நானோ நொடி பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். ஆகவே பேஸ் தன் உண்மையான இடத்தையும் வானம் சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டு, பிழை இவ்வளவு என்று ரோவருக்கு நொடிதோறும் அனுப்புகிறது. அதற்கும் மேலே, சமிக்ஞையைச் சுமந்துவரும் அலையையே ரோவர் எண்ணுகிறது. ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். முழு அலைகள் எத்தனை என்பது தீர்மானமாகாத வரை திரையில் 'ஃப்ளோட்' என்று வரும், தீர்மானமானதும் 'ஃபிக்ஸ்'. ஃபிக்ஸ் என்று கண்டதும் பொத்தானை அழுத்திவிட்டு நகர்கிறவர் புதியவர். மரக்கிளைக்குக் கீழே தப்பான ஃபிக்ஸும் விழும் என்பது தெரிந்தவர், இணைப்பைத் துண்டித்து, மறுபடி பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கிறார். கம்பம் பிடிப்பவரின் கையும் சாதாரணமானதல்ல. மட்டக் குமிழான பபிள் நடுவில் நிற்காமல் கம்பம் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், இரண்டு மீட்டர் உயரத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர். அத்தனை செயற்கைக்கோள்களும் சேர்ந்து தந்த துல்லியம் ஒருவருடைய மணிக்கட்டில் போய்விடும்.

இவ்வளவு பாடு எதற்கு, கைபேசியே அளந்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, செயலி காட்டிய ஏக்கர் கணக்கோடு அளவரிடம் வருகிறார்கள். பட்டாவில் உள்ள பரப்பும் செயலி காட்டும் பரப்பும் பல நேரம் நெருங்கியே வருவதால் நம்பிக்கை வலுக்கிறது. கைபேசியின் பிழை சில மீட்டர்; ஆனால் சில நிமிட நடையில் அந்தப் பிழையின் பெரும்பகுதி எல்லாப் புள்ளிகளையும் ஒரே திசையில் தள்ளுகிறது. அதனால் நிலம் வடிவம் கெடாமல் முழுதாக நகர்ந்துவிடும்: பரப்பு ஏறக்குறையச் சரி, இடம் தவறு. நாமக்கல்லிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரியின் முதலாளிக்கு வண்டி எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்று தெரிந்தால் போதும். ஐந்து மீட்டர் பிழை அவருக்குப் பிழையே ஆகாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வெளிமாநிலத்தில் எந்த ஊரில் துளை போடுகிறது என்பதற்கும் அதே கணக்கு. ஆனால் 100 மீட்டர் நீள வரப்பு ஐந்து மீட்டர் நகர்ந்தால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்கு மேல், பக்கத்துக்காரர் கணக்கில் போகும். வானத்தில் இருப்பவை அதே செயற்கைக்கோள்கள்தான். கேட்கும் கேள்விக்கேற்பத் தரையில் செய்யும் உழைப்பு மாறுகிறது.

இந்த மலையடிவாரத்துக்கென்று வானத்திலும் சில சிக்கல்கள் உண்டு. புவிக் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையில், திருநெல்வேலிப் பக்கம் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடம் ஒன்றை அங்கே வைத்திருப்பதற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய நாடுகளுக்கு மேலே அயனி மண்டலம் கனத்தும் கலங்கியும் இருக்கும். சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் சமிக்ஞை நடுங்கித் துண்டிக்கும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருந்த 2024 போன்ற ஆண்டுகளில் இது கூடுதல். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கருவிக் கையேட்டின் துல்லியம் சேலத்து மாலைப் பொழுதுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மலையோ வடபுறத்து வானத்தின் அடிப்பகுதியை மறைக்கிறது. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டக்கூடியது இந்தியாவின் சொந்த இடங்காணும் அமைப்பான நாவிக். 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட இந்த அமைப்பில், கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிலைகொள்ளும்படி திட்டமிட்ட செயற்கைக்கோளின் இடம் சேலத்துக்கு ஏறக்குறைய உச்சிவானத்தில், சற்றுத் தெற்கே இருக்கும். மலை அதை மறைக்காது. நாவிக்கின் கதையில் சறுக்கல்களும் உண்டு. முதல் செயற்கைக்கோளின் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாயின. மாற்றாக 2017-ல் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்தோடு 2023 மே மாதம் சென்ற என்விஎஸ்-01 நம்பிக்கை தந்தது. 2025 ஜனவரியில் சென்ற என்விஎஸ்-02 தன் சுற்றுப்பாதைக்கு உயர முடியவில்லை. எனவே அளவர்கள் ஒரே அமைப்பைச் சாராமல் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்தோ எல்லாவற்றையும் பிடிக்கும் ஏற்பிகளையே வைத்திருக்கிறார்கள். தென்னந்தோப்புக்குள் எதுவும் உதவாது. அங்கே வெளியில் இரண்டு புள்ளிகளை ரோவரால் நிலைப்படுத்திவிட்டு, உள்ளே டோட்டல் ஸ்டேஷனால் கோணமும் தூரமும் எடுத்துச் செல்ல வேண்டியதுதான்.

இனி கல்லுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்கு அளவை வரலாற்றில் தனி இடம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானபோது கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து வரி விதிக்கத் தொடங்கினார்கள். ரயத்துவாரி முறை உருவான மண் இது. வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலையருகே அடித்தளக் கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கும் முன்பே, சேலத்து உழவர்களின் காடுகளில் அளவுகாரர்கள் நடந்திருக்கிறார்கள். பின்னாளில் வந்த புல அளவைகளில் மாறாத கருவி 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். இன்று நாம் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் புலப்படங்கள் பலவற்றின் அடியில் இருப்பது அந்தச் சங்கிலி அளவே. புலத்தின் கல்லுக்குக் கல் கோடு போட்டு முக்கோணங்களாகப் பிரித்து, கோட்டிலிருந்து செங்குத்தாக வரப்பின் வளைவுக்குத் தூரம் எடுத்து வரைந்த படம் அது. அந்தப் படத்தில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு மட்டும் இருக்கிறது. ஏதாவது இரண்டு கல்லைத் தரையில் கண்டுபிடிக்காமல் அதைப் பூமியின் மேல் வைக்கவே முடியாது. ரோவரின் இரண்டு சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் அலகில் எழுதிய ஆவணத்தைத் திருத்திவிடாது. ஆவணத்தைத் தரையில் எந்த இடத்தில் பொருத்துவது என்பதையும் அது சொல்லாது.

அந்தப் பொருத்தும் வேலையைத்தான் தொழிலின் உயிர் என்கிறேன். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923-ம் ஆண்டினது. எல்லைக்கல்லைப் பேணும் கடமையை அது நிலவுடைமையாளர் மேல் வைக்கிறது. நடைமுறையில் உழவில் சில கற்கள் பெயர்கின்றன, ஜேசிபி சிலவற்றை வாரிப் போகிறது, மழையில் மலையிலிருந்து வரும் மண் சிலவற்றை மூடுகிறது, சில 'நகர்ந்து' போகின்றன. மிஞ்சியவற்றில் எதை நம்புவது? சர்வேயர் புலப்படத்தோடு நிற்க, அவருடைய உதவியாளரான செயின்மேன் கடப்பாரையோடு தேடுகிறார். ஒரு கல் கிடைத்ததும் ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். சுற்றியுள்ள மண் கெட்டிப்பட்ட பழைய மண்ணா, புதிதாக வெட்டி நிரப்பியதா என்று பார்க்கிறார்கள். அங்கிருந்து படத்திலுள்ள தூரத்தில் அடுத்த கல் இருக்கிறதா என்று அளக்கிறார்கள். மூன்று கல்லில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று முரண்டினால் முரண்டியது நகர்ந்தது என்று உடனே முடிவு கட்டுவதில்லை. ஒத்துப்போன இரண்டும் பிற்காலத்தில் ஒரே ஆளால் நடப்பட்டவையாகவும் இருக்கலாம். அப்போது பக்கத்துப் புலத்துக்குப் போகிறார்கள், தேவைப்பட்டால் மூன்று ஊர் எல்லை கூடும் முச்சந்திக் கல் வரைக்கும். 'ஏனுங்க, இந்த வரப்பு உங்கப்பா காலத்துலயும் இங்கயேதானுங்களா?' என்ற கேள்வியும், வரப்பிலுள்ள பனையின் வயதும் சாட்சியத்தில் சேரும். இவற்றையெல்லாம் எடை போட்டு, 'இந்த மூன்று கல்லைப் பிடித்து அளக்கிறேன்' என்று ஒருவர் தீர்மானிக்கும் அந்த நேரத்திலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. ரோவர் அதற்குப் பிறகுதான் ஓடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. மனிதரின் தீர்மானம் என்று நான் எதைப் போற்றுகிறேனோ, அங்கேதான் கைக்கூலியும் பாரபட்சமும் நுழைகின்றன. கருவியை மட்டும் நம்பினால் அந்த வாசல் அடைபடும் என்கிறார்கள். சிறு உழவர்கள் சொல்லும்போது இதில் அனுபவத்தின் வலி இருக்கிறது. ஆனால் கருவி அடைப்பது வேறு வாசலை. டேப்பைத் தளர்த்திப் பிடித்து இரண்டடி விழுங்குவது இனி முடியாது. அது பெரிய லாபம். எந்தக் கல்லைப் பிடிப்பது என்ற தீர்மானம் மட்டும் கருவிக்கு வெளியிலேயே இருக்கிறது. தப்பான கல்லைப் பிடித்தால் முழுப் புலமும் சென்டிமீட்டர் சுத்தமாகத் தப்பான இடத்தில் உட்காரும், கணினி அச்சிட்ட கண்ணியத்தோடு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுப் புதுப்பித்தலில் விழுந்த பிழைகளை இன்றும் மக்கள் மனுப்போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் ஏறிய பிழை எத்தனை தலைமுறை வாழும் என்பதற்கு அது போதும். ஆகவே தீர்மானத்தை ஒளிக்க முயல்வதை விட அதை வெளியே கொண்டுவந்து எழுதி வைப்பதே நேர்மையான வழி.

இன்னொரு மறுப்பு, ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் மறு அளவை செய்து ஆயத்தொலைவுகளாக மாற்றிவிட்டால் கல்லே வேண்டாமே என்பது. தமிழ்நாட்டு நில அளவைத் துறை மாநிலமெங்கும், நிரந்தர பேஸ் போல ஓயாமல் இயங்கும் தொடர் இயக்கக் குறிப்பு நிலையங்களை நிறுவியிருக்கும் நிலையில் இது கனவுமல்ல. ஆனால் முதல் முறை மாற்றும்போது எந்தக் கல்லைப் பிடிப்பது என்ற அதே கேள்வி ஒவ்வொரு புலத்திலும் எழும். அவசரமாகச் செய்தால் அவசரமே நிரந்தரமாகும். எண்களும் தம்மளவில் நிலையானவை அல்ல. எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்ட பழைய வரைபடத்தின் எண்களை இன்றைய ஜிபிஎஸ் ஆயத்தொலைவுச் சட்டகத்தில் அப்படியே இட்டால் இந்தப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். இந்தியத் தட்டோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. உலகச் சட்டகத்தில் பார்த்தால், பத்தாண்டில் கொண்டப்பநாயக்கன்பட்டியின் ஒவ்வொரு கல்லும் அரை மீட்டர் இடம் மாறியிருக்கும். எந்தச் சட்டகம், எந்த ஆண்டுக்குரிய நிலை என்று சொல்லாத எண் தலைமுறைக்கு உதவாது. கல்லோ பக்கத்துக் கல்லோடு சேர்ந்தே நகர்கிறது. அவற்றுக்கிடையிலான தூரத்தை ஓர் உழவர் தன் டேப்பிலேயே சரிபார்க்கலாம். சாதாரண மனிதர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிவதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 2018-ல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காகப் பூலாவரி, குப்பனூர் பக்கங்களில் கல் நட்டபோது, தங்கள் காட்டில் எவ்வளவு போகிறது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள்; எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட வழிவிட்டது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். நிலத்தின் மேல் வைக்கப்படும் உரிமைக் கோரிக்கை நிலத்திலேயே கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அந்த விவாதம் நடக்க முடிந்தது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒவ்வொரு அளவைப் பதிவிலும் எந்தெந்தக் கற்களைப் பிடித்தார்கள், எவற்றை ஏன் ஒதுக்கினார்கள், கல் என்ன நிலையில் இருந்தது, சட்டகமும் ஆண்டும் எவை என்று நான்கு வரி தமிழில் சேர்த்து, இரு பக்கத்து உடைமையாளருக்கும் நகல் தர வேண்டும். ஒளிப்படம் எடுக்கக் கைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. இதைவிட அவசரமானது, இன்னும் நிற்கும் கற்களை இப்போதே ரோவரால் பதிவது. அந்தப் பணிக்கு ரோவர் பழகிய இளைஞரோடு, சங்கிலிக் காலத்துக் கற்களைத் தேடிப் பழகிய மூத்த சர்வேயரையும் செயின்மேனையும், ஓய்வு பெற்றவராக இருந்தாலும் மதிப்பூதியம் கொடுத்து, அழைத்துச் செல்ல வேண்டும். எந்த ஓடைக்கரையில் எந்தக் கல் எத்தனை அடி மண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அலுவலகக் கோப்பில் அது இல்லை. மனைப்பிரிவுக்கு நிலத்தைச் சமன் செய்யும் முன் அந்தப் புலத்தின் கற்களைப் பதிந்தாக வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைக் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற நகர விளிம்பு ஊராட்சிகளில் முதலில் கொண்டுவரலாம், ஏனென்றால் கற்கள் வேகமாகக் காணாமல் போவது இங்கேதான்.