பேரர்களுடன் ஒரு பாய்மரப் பயணம்

முதுமைப் பருவத்தில் மனிதருக்கு இரண்டு ஆசைகள் எஞ்சி நிற்கின்றன. ஒன்று, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றிவிட வேண்டும் என்பது. மற்றொன்று, பேரப்பிள்ளைகளுடன் நாலு நாள் மனம்விட்டுப் பேசிப் பழக வேண்டும் என்பது. முன்னதை வல்ல அல்லாஹ் எங்களுக்கு நிறைவேற்றித் தந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. பின்னது 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கைகூடிற்று.

எங்கள் மகன் சென்னையில் வணிகம் செய்கிறார். அவருடைய பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்குப் பதினாறு வயது, இளையவனுக்குப் பதின்மூன்று. கோடை விடுமுறைக்கு அவர்களைக் கீழக்கரைக்கு அனுப்பிவைத்த மகன், தொலைபேசியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எங்கு வேண்டுமானாலும் அழைத்துப் போங்கள் வாப்பா, கடலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்." நாங்கள், "கரையோரமாகத்தான் போவோம்" என்று பதில் சொன்னோம். அது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

மகனின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை.

ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மரக்கலம் இருந்தது. அரிசியும் பலசரக்கும் ஏற்றிக்கொண்டு கீழக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே அது ஓடிற்று. 1964 டிசம்பரில் அதில் சென்றவர் எங்கள் காக்கா. எங்கள் இருவரில் ஒருவருக்கு அவர் உடன்பிறந்த அண்ணன். மற்றவருக்கு மாமி மகன். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. எங்களில் ஒருவருக்குப் பத்து, மற்றவருக்கு ஆறு. பராஅத் இரவில் எங்களுடன் அமர்ந்து யாசீன் ஓதி, ரொட்டி தின்றுவிட்டுப் போனவர் அவர். டிசம்பர் 17-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தம் புயலாக வலுத்து, இலங்கையைக் கடந்து, 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியின்மீது பாய்ந்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட பயணி ரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மறைந்தது. துறைமுகமும், ரயில் நிலையமும், தபால் நிலையமும், பள்ளிக்கூடமுமாக இருந்த ஊர் விடியும்போது மணல்மேடாகக் கிடந்தது. எங்கள் மரக்கலமும் இல்லை, காக்காவும் இல்லை. உடல் கிடைக்காமையால், பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். நீரில் மூழ்கி மறைந்தோர் ஷஹீதுகளின் தரத்தை அடைவர் என்று ஆலிம்சா ஆறுதல் சொன்னார்.

உம்மா அதற்குப்பின் கடலைப் பார்த்து அமர்ந்ததே இல்லை. "இனி இந்த வீட்டுப் பிள்ளை எவனும் பாய்மரம் ஏறக் கூடாது" என்றார். அந்தச் சொல்லுக்குக் குடும்பமே கட்டுப்பட்டது. கடலோடிகளின் பேரர்கள் கடைக்காரர்களானோம். 1991-இல் உம்மா மறையும் தறுவாயில், தம் பெட்டியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து மருமகளின் கையில் கொடுத்தார். உள்ளே, எங்கள் வாப்பா பாய் தைக்கும் நீண்ட ஊசி இருந்தது. "எறிய மனம் வரவில்லை, நீ வைத்துக்கொள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதுவே எங்கள் பயணத்தின் முன்கதை.

முதல் நாள் பேரர்களைக் கீழக்கரை நடுத்தெரு ஜும்ஆப் பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். பதினேழாம் நூற்றாண்டின் கற்பணி அது. தூண்களையும் போதிகைகளையும் தடவிப் பார்த்த இளையவன், "இது கோயில் மண்டபம் போல இருக்கிறதே!" என்று வியந்தான். தமிழ்நாட்டுச் சிற்பிகள் தாம் கற்ற கலையைக் கொண்டு இறைவனுக்கு இல்லம் எழுப்பினார்கள் என்று விளக்கினோம். அங்கே அடங்கியுள்ள வள்ளல் சீதக்காதியின் கப்ரில் பாத்திஹா ஓதினோம். சேகு அப்துல் காதிர் என்னும் அப்பெருமகன் மரக்கலங்கள் ஓட்டிப் பொருளீட்டியவர்; ஈட்டியதைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கியவர்; உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர். இறந்த பின்னும் ஈந்தவர் என்று பழமொழியில் வாழ்பவர். பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களும் இவ்வூரில்தான் அடங்கியிருக்கிறார்கள்.

மூத்தவன் சிறிது நேரம் சிந்தித்துவிட்டுக் கேட்டான்: "வாப்புச்சா, கப்பலோட்டியதால்தானே இவர்களெல்லாம் பெரியவர்களானார்கள்? நாம் ஏன் விட்டுவிட்டோம்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காக்காவின் கதையை அன்றிரவு அவர்களுக்கு முழுவதும் சொன்னோம். இருவரும் வாய் திறவாமல் கேட்டார்கள். பதினாறு வயதுக்காரனுக்குப் பத்தொன்பது வயதுக்காரனின் மரணம் எவ்வளவு அருகில் தெரியும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாள் இராமநாதபுரம் அரண்மனை. கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசத்தின் சுவர்களிலே தீட்டப்பட்ட ஓவியங்களைப் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சேதுபதிக்கும் கீழக்கரைச் சீதக்காதிக்கும் இருந்த நட்பைச் சொன்னபோது, பள்ளிப் பாடநூலில் இது இல்லையே என்று குறைபட்டார்கள். பாடநூலில் இல்லாதவற்றைச் சொல்வதற்குத்தானே பாட்டனும் பாட்டியும் இருக்கிறார்கள்!

மூன்றாம் நாள் பாம்பன் சென்றோம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலமும், அதன் அருகே 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலமும் பக்கம்பக்கமாக நின்றன. பாட்டனும் பேரனும் கைகோத்து நிற்பதுபோல் எங்களுக்குத் தோன்றிற்று. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இமைகளைப்போல் பிளந்து மேலெழும்படி அமைந்திருந்தது. தொழிலாளர்கள் கைகளால் நெம்பிச் சுற்றித் திறந்துவந்தார்கள். புதியதிலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் நேர்மேலாக உயர்கிறது. 1964 புயலில் சிதைந்த பழைய பாலத்தை, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சீர்செய்தார்கள். "பாலத்தைச் சீர்செய்ய 46 நாள், நாம் சீராக அறுபது ஆண்டா?" என்றான் மூத்தவன். சிறுவன் வாயில் பெரிய கேள்வி!

பாம்பனில் எங்களுக்குத் தெரிந்த முதிய மீனவர் ஒருவர் உண்டு. கத்தோலிக்கர், எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமாகையால் அவையெல்லாம் நங்கூரமிட்டு உறங்கிக்கொண்டிருந்தன. இவருடையது நாட்டு வத்தை. சிறிய எஞ்சின் உண்டாயினும் பாயையும் கைவிடாதவர். இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் இப்பகுதியினர் சொல்வர். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது ஆண் கடல் சீறும். பெண் கடல் அமைதியாயிருக்கும். "வடகரையோரமாகத் தங்கச்சிமடம் வரை போய்த் திரும்பலாம் பாய், பயமில்லை" என்றார். மூத்தவன் கைபேசியைத் திறந்து வானிலை பார்த்தான். கிழவர் மேகத்தை அண்ணாந்து பார்த்தார். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

ஆயினும் கரையில் நின்றபோது எங்கள் கால்கள் தயங்கின. உம்மாவின் சொல் காதில் ஒலித்தது. மகனுக்குச் சொன்ன அரைப் பொய்யும் நெஞ்சை உறுத்தியது. இருவரில் முதலில் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வத்தையில் ஏறியவர் வாப்புமாதான். அறுபத்தேழு ஆண்டுகள் கடற்கரையில் வாழ்ந்தும் அவர் படகில் கால் வைத்தது அன்றுதான்! மிதவைச் சட்டையை அணிந்துகொண்டு, நூஹ் நபி கப்பலேறியபோது சொன்னதாகத் திருமறை கூறும் சொற்களை நால்வரும் ஓதினோம்.

பருமலில் கட்டிய பாய் மேலேறிக் காற்றை வாங்கிப் புடைத்தது. எஞ்சின் ஓசை அடங்கிற்று. நீர் பலகையை உரசும் மெல்லொலி ஒன்றே எஞ்சியது. "பாய், அந்தப் பாயை இறுக்கிப் பிடிங்க பாய்!" என்று கிழவர் கூவ, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அறுபது ஆண்டுப் பாரத்தில் ஒரு பங்கு இறங்கிற்று. கச்சான் பின்னிருந்து தள்ள, தென்னந்தோப்புகள் வரிசையாக நகர்ந்தன.

திரும்பும்போதுதான் சோதனை வந்தது. எதிர்க்காற்றுக்காக எஞ்சினை முடுக்கினார் கிழவர். அது இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. எவ்வளவு முயன்றும் உயிர் பெறவில்லை. இளையவனுக்கு வாந்தி. எங்கள் முகங்கள் வெளிறின. கிழவரோ பதறவில்லை. "காற்றோடு மோதக் கூடாது தம்பி, குறுக்காக அறுத்து அறுத்துப் போகணும்" என்று மூத்தவனைச் சுக்கான் அருகே உட்காரவைத்தார். வத்தை ஒருமுறை கரையை நோக்கியும், மறுமுறை கடலை நோக்கியும் சாய்ந்து சாய்ந்து சென்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை மறுபக்கம் மாற்றினார்கள். நூறு பாகம் முன்னேற முந்நூறு பாகம் ஓட வேண்டியிருந்தது. ஆனால் முன்னேறினோம்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மகன்! மூத்தவன் எங்களைப் பார்த்தான். பேரன் முன்னால் பொய் சொல்ல எங்களால் இயலவில்லை. "மகனே, நாங்கள் கடலில் இருக்கிறோம், பாயில் திரும்பிக்கொண்டிருக்கிறோம். உன்னிடம் மறைத்தது எங்கள் பிழை" என்றோம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. கோபத்தை எதிர்பார்த்தோம். வந்தது ஒரு கேள்வி: "காற்று எந்தப் பக்கம் வாப்பா?"

பிறந்ததிலிருந்து படகேறாத மகன் கேட்ட கேள்வி அது! சொன்னோம். "தம்பி சுக்கான் பிடிக்கிறானா? பத்திரம்" என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள் இரண்டரை மணி நேரத்தில் கரை சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று பிற்பகல் பேய்க்கரும்பில் 2017-இல் திறக்கப்பட்ட டாக்டர் அப்துல் கலாம் நினைவகத்துக்குச் சென்றோம். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் 1931-இல் பிறந்த அம்மேதையின் தந்தையாரும் படகு கட்டி யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். அவர்கள் படகையும் ஒரு புயல் கொண்டுபோயிற்று. படகு போன வீட்டிலிருந்துதான் ஏவுகணையை விண்ணில் செலுத்தியவர் வந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

கடைசியாகத் தனுஷ்கோடி. இன்று அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இடிந்த தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் எச்சங்களையும் கடந்து, இரு கடல்களும் கூடும் முனையில் நின்றோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் தலைமன்னார். ஒருகாலத்தில் எங்கள் ஊரார் அண்டை வீட்டுக்குப் போவதுபோல் சென்றுவந்த கரை; இன்று கடலின் நடுவே எல்லைக்கோடு. அங்கே காக்காவுக்காக பாத்திஹா ஓதினோம். அறுபது ஆண்டுகளில் அவர் மறைந்த இடத்துக்கு எங்கள் குடும்பத்தார் வந்தது அதுவே முதன்முறை.

"வாப்புமா, பெரியும்மாவின் வாக்கை நாம் மீறிவிட்டோமா?" என்று மெல்லக் கேட்டான் மூத்தவன்.

வாப்புமா சேலை முந்தானையில் முடிந்திருந்த துணிச்சுருளை அவிழ்த்தார். ஊசி துருவேறாமல் மின்னிற்று. உம்மா அதற்கு எண்ணெய் பூசியே வைத்திருந்தார் என்பதும், அந்த வழக்கத்தை மருமகளும் விடவில்லை என்பதும் எங்களுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"மாமி கடலை வெறுக்கவில்லை கண்ணு. இன்னொரு பிள்ளையை இழக்க அஞ்சினார். வெறுத்திருந்தால் இதை எறிந்திருப்பார். மீறினோமா என்பதை மறுமையில் அவரிடமே கேட்டு மன்னிப்புப் பெற்றுக்கொள்கிறோம். இதை நீ வைத்துக்கொள்" என்று பேரனின் கையில் கொடுத்தார்.

அவன் அதனைப் பேனாப் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு எடுத்துச் சென்றிருக்கிறான். கப்பற்பொறியியல் படிக்கப்போவதாகச் சொல்கிறான். படிப்பானோ, மனம் மாறுவானோ, அல்லாஹ்வே அறிவான். நாங்கள் வற்புறுத்தப் போவதில்லை.

பேரப்பிள்ளைகள் உள்ள பெரியோர்க்கு ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டிலும் அச்சத்தால் மூடிவைத்த பெட்டி ஒன்று இருக்கக்கூடும். உங்கள் காலத்துக்குள் அதனைப் பிள்ளைகளுக்குத் திறந்துகாட்டுங்கள். உள்ளே இருப்பதன் கதையை, அவர்கள் கேட்கும் வயதில், நீங்களே சொல்லுங்கள்.